அறுபது கிலோமீட்டர் மனப்பாடம்

இங்கிலாந்தின் ஹீஷம் துறைமுகத்தில் கப்பலின் வாகனத் தளத்தைப் பார்த்தாலே, ஜூன் மாதத்தில் ஐல் ஆஃப் மேன் தீவுக்கு யார் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். கார்கள் ஓரமாக ஒதுங்கியிருக்க, நடுவில் வரிசை வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். கப்பல் ஊழியர் ஒருவர் ஒவ்வொரு வண்டியின் இருக்கையிலும் ஒரு மெத்தைத் துண்டை வைத்து, அதற்கு மேல் பட்டையைப் போட்டு, தரையிலிருந்த வளையத்தோடு இறுக்கிக்கொண்டே போனார். வண்டிக்காரர்கள் சற்றுத் தள்ளி நின்று அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன்காரர்கள், டச்சுக்காரர்கள், அயர்லாந்துக்காரர்கள். பாதிப் பேருக்கு மேல் தலை நரைத்தவர்கள். இளைஞர் கூட்டத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு அதுவே முதல் ஆச்சரியம்.

நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான கடல் பயணம். அப்புறம் டக்ளஸ் நகரம், பிறை போல வளைந்த கடற்கரையும் அதன் மேல் அடுக்கிய வெள்ளை விடுதிகளுமாகத் தெரிகிறது. ஐல் ஆஃப் மேன் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கிடக்கும் ஒரு சின்னத் தீவு. நீளம் ஐம்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. பிரிட்டிஷ் மன்னரின் கீழ் இருந்தாலும் இது ஐக்கிய ராஜ்ஜியத்தின் பகுதி அல்ல. டின்வால்டு என்ற தன் சொந்த நாடாளுமன்றத்தில் தன் சட்டங்களைத் தானே இயற்றிக்கொள்கிறது. இந்தச் சட்ட விஷயம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் பிரிட்டனில் எந்த மோட்டார் வண்டியும் மணிக்கு 20 மைலைத் தாண்டக் கூடாது. பந்தயத்துக்காகப் பொதுச் சாலையை மூடவும் அங்கே வழியில்லை. தீவின் நாடாளுமன்றமோ 1904-இல் ஒரு சட்டம் போட்டு அதற்கு வழி திறந்துவிட்டது. 1907 மே 28 அன்று முதல் டூரிஸ்ட் டிராஃபி, சுருக்கமாக டி.டி., நடந்தது. ஒற்றை சிலிண்டர் பிரிவில் வென்ற சார்லி காலியரின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 61 கிலோமீட்டர். இரட்டை சிலிண்டர் பிரிவில் வென்றவர் ரெம் ஃபௌலர்; அவர் ஓட்டியது ஒரு நார்ட்டன் வண்டி. அந்த நார்ட்டன் நிறுவனம் 2020 ஏப்ரல் முதல் சென்னையின் டி.வி.எஸ். மோட்டாருக்குச் சொந்தம். டக்ளஸில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த வளைந்த எழுத்துப் பெயரைக் கண்டபோது, நம் ஊர்க்காரர் வீட்டு வாசலில் நிற்கும் உணர்வு வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

1911-இல் பந்தயம் இப்போதுள்ள மலைப்பாதைக்கு மாறியது. ஒரு சுற்றுக்கு 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இருநூறுக்கு மேற்பட்ட வளைவுகள். டக்ளஸில் தொடங்கி, ஊர்களையும் வயல்களையும் கடந்து, ஸ்னேஃபெல் மலையின் தோளில் ஏறி இறங்கும் பாதை. மாறிய அந்த ஆண்டே, பயிற்சியின்போது, க்ளென் ஹெலன் என்ற இடத்தில் விக்டர் சர்ரிட்ஜ் என்ற இளைஞர் விழுந்து இறந்தார். அவரிலிருந்து இன்றுவரை இந்தப் பாதையில் உயிர்விட்ட வீரர்கள் 260-க்கும் மேல்.

இந்த எண்ணை நான் ஊரிலிருந்தே படித்துவிட்டுத்தான் போனேன். இருந்தாலும் பாதையைக் காரில் ஒருமுறை சுற்றி வரும்வரை அதன் பொருள் பிடிபடவில்லை. பந்தயம் இல்லாத நேரத்தில் அது ஊர்ச்சாலை. பால்வண்டி போகிறது, பள்ளிப் பேருந்து போகிறது. நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் தன் பழைய காரில் என்னை ஏற்றிக்கொண்டு நிதானமாக ஓட்டினார். மதுக்கடையின் மூலை, தேவாலயத்தின் கல் மதில், தபால் பெட்டி, ஒருவர் வீட்டுத் தோட்டத்தின் இரும்புக் கேட், பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று எல்லாமே சாலையை ஒட்டி நிற்கின்றன. பந்தயத் தடம் என்றால் சறுக்கி விழுந்தவன் உருண்டு நிற்பதற்கு விரிந்த மணலும் புல்வெளியும் இருக்கும். இங்கே நடைபாதையின் விளிம்பு இருக்கிறது. விளிம்புக்கு அப்பால் சுவர் இருக்கிறது. விளக்குக் கம்பங்களிலும் சில மதில் முனைகளிலும் தடித்த பஞ்சு மெத்தைகளைக் கட்டியிருந்தார்கள். ஒரு கம்பத்தின் அருகே இறங்கி, மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தேன். என் முழங்கை வரைகூட உள்ளே போகவில்லை. அதற்குள் இரும்பு தட்டியது.

அங்கங்கே மரப் பெஞ்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைத் தகடு, ஒரு பெயர், இரண்டு ஆண்டுகள். வீட்டுக்காரர் அவற்றைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பெயரையும் சொல்லிக்கொண்டே வந்தார். பாதிப் பெயர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை. டி.டி.யில் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்ப்பவர்கள். கட்டட வேலை, குழாய் வேலை, மெக்கானிக் கடை. ஆண்டு முழுவதும் சேர்த்த பணத்தையும் விடுமுறையையும் இந்த இரண்டு வாரத்தில் செலவழிக்கிறவர்கள். தகடுகளில் அவர்களுடைய பெயர்கள்தான் அதிகம்.

முதல் வாரம் பயிற்சி வாரம். மாலையில் சாலையை மூடுவார்கள். மூடிவிட்டால் பார்வையாளர் சாலையைக் கடக்கக் கூடாது. எந்தப் பக்கம் மாட்டிக்கொண்டோமோ அந்தப் பக்கமே. நான் பிரே ஹில் சரிவின் அடியில் ஒரு வீட்டுச் சுவருக்குப் பின்னால் நின்றேன். சாலை என் நெஞ்சுக்கு நேரே, இரண்டு கை தூரத்தில். பக்கத்தில் ஒரு பாட்டியம்மா மடக்கு நாற்காலியில் கால் மேல் போர்வையோடு உட்கார்ந்து, சின்ன ரேடியோவைக் காதில் வைத்திருந்தார். "சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பாதீர்கள்," என்றார். "எதிர்ச் சுவரையே பாருங்கள். இல்லையென்றால் ஒன்றும் தெரியாது."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று முதல் வண்டி போனபோது புரிந்தது. மேட்டிலிருந்து ஒரு கிழிசல் சத்தம். அது மனதில் பதிவதற்குள் வண்டி சரிவின் அடிக்கு வந்துவிட்டது. அங்கே சாலை திடீரெனச் சமதளமாகும் இடத்தில் அத்தனை எடையும் கீழே அமுங்க, வண்டியின் அடிவயிறு தாரில் உரசியது. வீரரின் தாடை டேங்கில் முட்டியது. அடுத்த கணம் சாலை காலி. பிறகு காற்று வந்து முகத்தில் அறைந்தது. சுவரோரச் செடியின் இலைகள் எல்லாம் ஒரே பக்கம் மடங்கி நிமிர்ந்தன. இங்கே யாரும் கூட்டமாகக் கிளம்புவதில்லை. பத்து வினாடிக்கு ஒருவராக விடுகிறார்கள்; அவரவர் கடிகாரத்தோடு அவரவர் போட்டி. ஆகவே மூச்சு விட நேரம் இருக்கிறது. பத்து வினாடி. அடுத்த வண்டி.

பத்துப் பதினைந்து வண்டிகள் போன பிறகுதான் கண் பழகியது. பழகியதும் ஒன்றைக் கவனித்தேன். எல்லாச் சக்கரங்களும் சாலையில் ஒரே கோட்டின் மேல் போயின. ஒரு சாக்கடை மூடியின் இடது விளிம்பை ஒட்டி, ஒரு பழைய தார் ஒட்டுப்போட்ட இடத்தைத் தவிர்த்து, அடியில் இன்னொரு ஒட்டின் மேல். மாறினால் ஒரு சாண் மாறியது, அவ்வளவுதான். தன் உயிரைத் துச்சமாக நினைத்துப் பாய்கிறவன் இப்படிப் போக மாட்டான். இது சாலையை அங்குலம் அங்குலமாகப் படித்தவனின் வேலை.

இதைப் பிறகு பலரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். மூடிய பந்தயத் தடம் நான்கைந்து கிலோமீட்டர் இருக்கும். ஒரே பயிற்சியில் இருபது முறை சுற்றலாம். தவறினால் அடுத்த சுற்றில் திருத்தலாம். இங்கே ஒரு மாலைக்கு இரண்டு மூன்று சுற்று கிடைத்தாலே அதிர்ஷ்டம். மீதியைத் தலையில்தான் ஓட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மாதக்கணக்கில் வீடியோ பார்க்கிறார்கள். குளிர்காலத்தில் தீவுக்கு வந்து வாடகைக் காரில் ஊர்ந்து ஊர்ந்து சுற்றுகிறார்கள். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் புகைபோக்கி தெரிந்ததும் திரும்பு, இந்த மரத்தைப் பார்த்துத் திரும்பாதே என்று சொல்லிக்கொடுக்கிறார். முதல் முறை பாதையில் இறங்கும்போது ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டு, வேகத்தைக் கட்டுப்படுத்தி, ஓர் ஆளுக்குப் பின்னாலேயே அழைத்துப் போகிறார்கள். பாதையை முழுதாகக் கற்க மூன்று ஆண்டு ஆகும் என்றார் ஒருவர். ஐந்து என்றார் இன்னொருவர். பல ஆண்டு ஓடிய ஒரு முதியவர் இன்னும் முடியவில்லை என்றார்.

2023-இல் பீட்டர் ஹிக்மன் ஒரு சுற்றை 16 நிமிடம் 36 வினாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 136.358 மைல், அதாவது 219 கிலோமீட்டருக்கு மேல். சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். ராம்ஸி ஹேர்பின் போன்ற கொண்டையூசி வளைவில் மிதிவண்டி வேகத்துக்கு இறங்கி, சல்பி நேர்ச்சாலையில் 300-ஐத் தாண்டி வரும் சராசரி. அந்தப் பதினாறரை நிமிடத்தில் அவர் எதையும் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. பார்த்துத் திரும்ப நேரமே கிடையாது. வரப்போகும் வளைவைக் கண் காண்பதற்கு முன்பே உடம்பு சாய்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் வேதம் ஓதுகிறவர் அடுத்த சொல்லைத் தேடுவதில்லை. சொல் தானாக வந்து நிற்கும். இதுவும் அப்படி ஒரு பாடம்தான், ஓதும்போது ஓர் அசை தவறினாலும் மதில் காத்திருக்கிறது என்பதைத் தவிர.

துணிச்சலைப் பற்றி எழுதத்தான் போனேன். அங்கே கண்டது கவனம். தொலைக்காட்சியில் வெறித்தனமாகத் தெரிவது பக்கத்தில் நின்று பார்க்கையில் தீராத பொறுமையாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. ஏனென்றால் இதே கவனத்தோடு, இதே படிப்போடு ஓடியவர்களும் அந்தப் பித்தளைத் தகடுகளில் இருக்கிறார்கள்.

மறுநாள் மலைக்குப் போனேன். லேக்ஸி என்ற ஊரிலிருந்து பழைய மின்சார ரயில் ஒன்று ஸ்னேஃபெல் உச்சிக்கு ஏறுகிறது. நடுவில் பந்தயச் சாலையைக் கடக்கும் இடத்துக்கு பங்களா என்று பெயர். அங்கே தன் ஹோண்டாவில் அமர்ந்தபடி ஜோயி டன்லப் வெண்கலத்தில் இருக்கிறார்.

ஜோயி வட அயர்லாந்தின் பாலிமனி ஊர்க்காரர். மதுக்கடை நடத்தியவர், கூச்ச சுபாவி. டி.டி.யில் 26 முறை வென்றார். பந்தயம் இல்லாத காலத்தில் தன் வேனில் உணவும் துணியும் ஏற்றிக்கொண்டு தனியாகவே ருமேனியா, அல்பேனியா, போஸ்னியா வரை ஓட்டிப்போய் அநாதை இல்லங்களில் இறக்கிவிட்டு வந்தார். 1996-இல் அதற்காக அவருக்கு ஓ.பி.இ. விருது கிடைத்தது. 2000 ஜூனில், 48 வயதில், ஒரே டி.டி.யில் மூன்று பந்தயங்களை வென்றார். அடுத்த மாதம் 2-ஆம் தேதி எஸ்தோனியாவின் தாலின் நகரில், மழை ஈரத்தில், ஒரு சின்ன 125 சி.சி. பந்தயத்தில் வண்டி சறுக்கி மரத்தில் மோதி இறந்தார். உலகின் மிக ஆபத்தான பாதையை இருபத்தைந்து ஆண்டாகக் கற்றவர், யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு பந்தயத்தில் போனார்.

அதோடு நிற்கவில்லை. அவருடைய தம்பி ராபர்ட் 2008 மே மாதம் நார்த் வெஸ்ட் 200 பந்தயத்தின் பயிற்சியில் இறந்தார். இரண்டு நாள் கழித்து, அதே இடத்தில், அதே 250 சி.சி. பிரிவில், ராபர்ட்டின் மகன் மைக்கேல் போட்டியில் இறங்கி வென்றார். அமைப்பாளர்கள் தடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. மைக்கேலின் அண்ணன் வில்லியம் 2018-இல் டப்ளின் அருகே ஸ்கெரிஸ் பந்தயப் பயிற்சியில் இறந்தார். பெரியப்பா, அப்பா, அண்ணன் மூவரையும் சாலைக்குக் கொடுத்த மைக்கேல் 2024-இல் தன் 27-ஆவது டி.டி. வெற்றியைப் பெற்று, ஜோயியின் எண்ணிக்கையைத் தாண்டினார்.

சிலைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இந்த வரலாற்றை ஒரு காவியம் போலச் சொன்னார்கள். எனக்கு அப்படிக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. அப்பாவின் உடல் வீட்டில் இருக்கையில் வண்டி ஏறிய பத்தொன்பது, இருபது வயதுப் பையனை நினைத்துக்கொண்டேன். அவனுக்கு அது தவிர வேறு எப்படி அழுவது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். அது அவனுடைய உரிமை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்துக் கைதட்டி, கண்ணீர் விட்டு, இதுவல்லவோ வீரம் என்று நாம் சொல்லும்போது, அடுத்த பையனுக்கு ஒரு பாதையைக் காட்டிவிடுகிறோம். வீரனின் முடிவு அவனுடையது. அதற்கு நாம் சூட்டும் பெயர் நம்முடையது.

மறுக்கவும் ஒரு மகத்துவம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது கியாகொமோ அகஸ்தினியால். பதினைந்து முறை உலக சாம்பியன். இந்தத் தீவில் மட்டும் பத்து வெற்றி. 1972 ஜூனில், மழையும் மூடுபனியுமான ஒரு காலையில், அவருடைய நண்பர் ஜில்பெர்த்தோ பார்லோத்தி 125 சி.சி. பந்தயத்தில் முன்னணியில் இருந்தபோது வெரண்டா என்ற மலை வளைவில் விழுந்து இறந்தார். அகஸ்தினி அன்று தன் பந்தயத்தை ஓடி வென்றார். பிறகு இந்தப் பாதையில் போட்டியிடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது டி.டி. உலக சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று. வராவிட்டால் புள்ளி போகும். போனால் போகட்டும் என்றார். வேறு சில முன்னணி வீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். இளம் பாரி ஷீன் 1971-இல் ஒருமுறை வந்ததோடு சரி. திரும்ப வரவே இல்லை, அதற்காகத் தீவின் ரசிகர்களிடம் வேண்டிய மட்டும் திட்டும் வாங்கினார். 1976-உடன் டி.டி. தன் உலக சாம்பியன்ஷிப் தகுதியை இழந்தது. இன்று உலக சாம்பியன்கள் இங்கே வர வேண்டிய கட்டாயம் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் தாங்களாக விரும்பி வருகிறவர்கள்தான். அந்த விருப்பத்துக்கு ஒரு பொருள் உண்டென்றால், வர மாட்டேன் என்று முதலில் உரக்கச் சொன்னவர்களால் உண்டானது அது. பந்தயத்தை எதிர்த்தவர்கள் என்று அவர்களை ஒதுக்குவது நியாயம் இல்லை.

பிரே ஹில்லைத் தாண்டியதும், சாலை ஒரு மேட்டில் எழும்பி வண்டியின் முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கும் இடத்துக்கு அகோஸ் லீப் என்று அகஸ்தினியின் பெயர்தான். அந்த இடத்தில் 2022-இல் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை நகர்த்த முடியாது. சைட்கார் வண்டிகளில் இருவர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் பக்கத்து மேடையில் உடம்பை எறிந்து எறிந்து எடையைச் சமன் செய்வார். ஜூன் 4 அன்று பிரெஞ்சு ஜோடி சேசர் ஷனாலும் ஒலிவியே லாவொரெலும் அங்கே விபத்துக்குள்ளானார்கள். லாவொரெல் இறந்தார், ஷனால் ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று முதலில் அறிவித்தார்கள். சில நாள் கழித்து, ஆள் மாறிவிட்டது, இறந்தது ஷனால் என்று திருத்தினார்கள். ஒரு குடும்பம் உயிரோடிருந்தவருக்காக அழுதது. இன்னொரு குடும்பம் இறந்தவருக்காக நம்பிக்கையோடு காத்திருந்தது. லாவொரெலும் அந்த அக்டோபரில் இறந்துபோனார். அதே டி.டி.யின் இரண்டாம் சைட்கார் பந்தயத்தில், ஜூன் 10 அன்று, அதே இடத்தில், ரோஜர் ஸ்டாக்டனும் அவருடைய மகன் பிராட்லியும் இறந்தார்கள். அப்பாவுக்கு 56, மகனுக்கு 21. பயிற்சியில் மார்க் பர்ஸ்லோவும், பந்தயத்தில் டேவி மார்கனும் சேர்ந்து, அந்த ஆண்டு மட்டும் ஆறு பேர்.

டி.டி. முழுவதையும் நேரலையாக உலகத்துக்கு முதன்முதலில் காட்டிய ஆண்டும் அதுதான். அதுவரை ரேடியோவில் கேட்டும், வேலிக்குப் பின்னால் நின்றும், இரவுத் தொகுப்பில் பார்த்தும் வந்த பந்தயம், 2022-இல் யார் வேண்டுமானாலும் கைபேசியில் பார்க்கும் நிகழ்ச்சியானது. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நான் சொல்லவில்லை. காமரா யாரையும் விழ வைக்கவில்லை. ஆனால் வேலிக்குப் பின்னால் நிற்கிறவன் மேல் காற்று அடிக்கிறது. விழுந்தால் அவன் கண்ணெதிரே விழுகிறார்கள். சாலை திறக்கும்வரை அவன் அங்கிருந்து நகரவும் முடியாது. சில சமயம் அவனும் சாகிறான். 2007-இல் ஜோயியின் பெயர் தாங்கிய 26-ஆம் மைல்கல் வளைவில் ஒரு வீரரோடு இரண்டு பார்வையாளர்களும் இறந்தார்கள். பார்ப்பதற்கு இங்கே ஒரு விலை இருந்தது. திரையில் பார்க்கிறவனுக்கு அந்த விலை இல்லை. "தெரிந்தேதானே வருகிறார்கள்" என்ற வாக்கியம் அவன் வாயில் எளிதாக வந்துவிடுகிறது. வீரர்கள் அதைத் தங்களைப் பற்றிச் சொல்லும்போது அதில் நேர்மை இருக்கிறது. நாம் அவர்களைப் பற்றிச் சொல்லும்போது அது பேச்சை முடிக்கும் தந்திரமாகிவிடுகிறது.

மூன்றாம் நாள் பந்தயம் நடக்கவில்லை. மலை முழுவதையும் மூடுபனி போர்த்திவிட்டது. கடல்தெய்வம் மனன்னான் தன் மேலங்கியை விரித்துத் தீவை மறைத்துவிட்டான் என்பார்கள் இங்கே. தாழ்வான ஊர்களில் நல்ல வெயில். ஏன் நடத்தவில்லை என்று புதிதாக வந்தவர்கள் கேட்டார்கள். காரணம் ஹெலிகாப்டர். காயம்பட்டவரை மலையிலிருந்து டக்ளஸ் மருத்துவமனைக்குச் சில நிமிடத்தில் கொண்டுவர ஹெலிகாப்டர்தான் வழி. அது பறக்க முடியாவிட்டால் ஒரு வண்டியும் கிளம்பாது. அவசரப்பட்டவர்கள் யாருமில்லை. சீஸும் கிரேவியும் ஊற்றிய உருளைக்கிழங்குச் சிப்ஸைத் தின்றுகொண்டு நாற்பதாயிரம் பேர் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அன்றுதான் பாதையோரத்தில் கொடி பிடித்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷல் ஒருவரோடு பேச வாய்த்தது. கர்க் மைக்கேல் என்ற ஊரில், ஆரஞ்சு மேல்சட்டையோடு வேலிச்சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். லங்காஷயரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சாலையை மூடி ஒரு பயிற்சி நடத்துவதற்கே இந்தப் பாதை நெடுக ஐந்நூறு மார்ஷல்களுக்கு மேல் வேண்டும். அவ்வளவு பேரும் தொண்டர்கள், சம்பளம் கிடையாது. ஆள் குறைந்தால் பந்தயம் தொடங்காது.

"நானும் முதலில் உங்களைப் போல வேலிக்கு அந்தப் பக்கம்தான்," என்றார். "ஒருநாள் என் முன்னால் ஒருவர் விழுந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓடி வந்தது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. மூச்சு வழியைத் திறந்து, கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டே என்னிடம் கொடியைப் பிடிக்கச் சொன்னாள். அவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு பெயர் கொடுத்துவிட்டேன்."

"பந்தயத்தை இனி ரசிக்க முடிகிறதா?"

"முன்னைவிட அதிகமாக. ஆனால் வண்டியைப் பார்க்கிறது குறைந்துவிட்டது. சாலையைப் பார்க்கிறேன். எண்ணெய்ச் சொட்டு, இலை, ஒரு முயல், ஒரு கல். ஒரு வண்டி வரும் நேரத்துக்கு வரவில்லை என்றால் முதலில் எனக்குத்தான் வயிறு கலங்கும்."

இதை நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, நிறுத்தச் சொல்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை என்றார். நிறுத்த வேண்டாம் என்கிறவர்கள் இங்கே வந்து ஒரு மணி நேரமாவது கொடி பிடிக்கட்டும் என்றார். என் மனதிலும் அதற்கு மேல் தெளிவான நிலை ஒன்று இல்லை. வளர்ந்த ஒருவன் தான் நேசிக்கும் கலைக்காகத் தன் உயிரைப் பணயம் வைப்பதைத் தடுக்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் அவன் பணயம் வைப்பதை நான் டிக்கெட் வாங்கியோ வாங்காமலோ பார்க்கிறேன் என்றால், அந்தப் பந்தயத்தின் ஒரு பகுதி நானும்தான். மெத்தைகள் இன்னும் தடிமனாக இருக்க வேண்டும், இறந்தவரின் அடையாளத்தை இன்னும் நிதானமாக உறுதிசெய்ய வேண்டும், மூடுபனியில் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கும் கடமை பார்வையாளருக்கு உண்டு. 2022-க்குப் பிறகு பாதுகாப்பு ஏற்பாடுகள் இறுகியிருக்கின்றன. 2024 டி.டி.யில் ஒரு வீரரும் இறக்கவில்லை. அப்படி ஒரு ஆண்டு வந்ததால் பந்தயத்தின் அழகு ஒரு துளிகூடக் குறையவில்லை என்பதைத் தீவில் நான் சந்தித்த அத்தனை பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

பனி விலகிய அடுத்த நாள் பந்தயத்தைக் கர்க் மைக்கேலிலேயே பார்த்தேன். வீடுகளின் வாசற்படி நேரே சாலையில் இறங்கும் ஒடுங்கிய தெரு அது. அதற்குள் வண்டிகள் மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து போயின. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் மார்ஷலின் உதடு அசைந்தது. எண்ணைச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். வீரரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி இடத்தில் வந்தவர் வரை, ஒரு பெயரும் விடாமல்.

சாலை திறந்ததும் அவர் தன் குழுவோடு தெருவில் இறங்கினார். ஒரு கம்பத்து மெத்தை காற்றில் ஒரு சாண் நழுவியிருந்தது. "அந்த முனையைப் பிடியுங்கள்," என்றார் என்னைப் பார்த்து. பிடித்தேன். அவர் பட்டையை இழுத்துக் கட்டி, கையால் இருமுறை தட்டிப் பார்த்து, குறிப்பேட்டில் கம்பத்தின் எண்ணை எழுதிக்கொண்டார். மார்ஷலாகப் பெயர் கொடுக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும், அடிப்படைப் பயிற்சி உண்டு, நல்ல காலணி முக்கியம் என்றார். எங்களுக்குப் பின்னால் பால்வண்டி ஹாரன் அடித்தது, வழிவிட்டு ஒதுங்கினோம்.